மருந்து ஏற்றியும் நெஞ்சுச் சீழ் வற்றாதது ஏன்?

"ஊசி மருந்து போய்க்கொண்டே இருக்கிறது, காய்ச்சல் இறங்கவில்லை, இப்போது விலாவில் குழாய் போட வேண்டும் என்கிறார்கள், கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம், ஆனால் அது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

நுரையீரலைச் சுற்றி இரண்டு உறைகள், நடுவே கொஞ்சம் நீர். நிமோனியாவில் அந்த நீர் கூடி, பாக்டீரியா புகுந்து சீழானால் அதற்குள் ரத்த ஓட்டம் கிடையாது, நார் போன்ற தடுப்புகள் வேறு அதை அறை அறையாகப் பிரித்துவிடும், அமிலத்தன்மையும் ஏறும். ஜென்டாமைசின் வகை மருந்துகள் அங்கே போய்ச் சேர்வதே குறைவு, சேர்ந்தாலும் அமிலத்தில் வீரியம் போய்விடும். அதனால்தான் நீரின் பிஎச் (அமில அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.2-க்குக் கீழே போனாலோ, சீழாகவே வந்தாலோ குழாய். சீழை எடுக்காமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது, என்னைக் கேட்டால், நாளைக் கடத்துவதுதான்.

சரி, கிருமி மருந்துக்குப் பழகிவிடுவது? வெளியில் தொற்றியது என்றால் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், பொதுவாகப் பென்சிலின் வகைக்கு அடங்கும். மருத்துவமனையில் படுத்திருக்கும்போது தொற்றியது என்றால் கதையே வேறு: எம்ஆர்எஸ்ஏ (பென்சிலின் வகைக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ்), சூடோமோனாஸ், அப்புறம் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாக்கள், இதில் சில கார்பாபெனம் என்ற வலுவான மருந்தையே உடைக்கும் நொதியை வைத்திருக்கும். எது என்று தெரிய கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வேண்டும், இரண்டு மூன்று நாள் ஆகும், பலருக்கு எதுவுமே வளராது. எடுத்த நீரை ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலும் விட்டு அனுப்பினால் கிருமி சிக்கும் வாய்ப்பு கூடும். அப்படி அனுப்பினார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.