நீர்த்தேக்கக் கரையில் கூடாரம்: குடும்பங்களின் கேள்விகளும் என் பதில்களும்

குன்றுகள் சூழ்ந்த நீர்த்தேக்கங்களின் ஓரத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூடாரமடித்து வருகிறேன். சில ஆண்டுகள் அப்படிப்பட்ட ஒரு குடும்ப முகாமின் பராமரிப்பையும் கவனித்தேன். கூடாரம், குளிர், தண்ணீர், நெருப்பு பற்றிக் கேளுங்கள்.

*கேள்வி: முதல் முறையாகப் போகிறோம். இரண்டு சிறு குழந்தைகள். என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?*

பொருள்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும், அதை நான் எழுதப் போவதில்லை. புறப்படுவதற்கு முந்தைய வாரம் கூடாரத்தை வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு முறை விரித்துப் பாருங்கள். எந்தக் கம்பி எந்தத் துளைக்குள் போகும் என்று இருட்டில், தூக்கத்துக்கு அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ள முடியாது.

*கேள்வி: தண்ணீரை ஒட்டியே கூடாரமடிக்க ஆசை. காலையில் கண் விழித்ததும் நீர்ப்பரப்பு தெரிய வேண்டும். எவ்வளவு அருகில் அடிக்கலாம்?*

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

இயற்கையான ஏரியின் கரை பல நூறு ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. புல்லும் மரமும் நீர் எதுவரை வரும் என்று அறிந்து வேர்விட்டிருக்கும். நீர்த்தேக்கத்துக்கு அப்படி நிலையான கரை கிடையாது. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் திறந்துவிடத் திறந்துவிட நீர்மட்டம் இறங்கும், மழைக்காலத்தில் ஏறும். மேலே, உங்கள் கண்ணுக்கெட்டாத மலையில் பெய்த மழை இங்கே நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும் இரவிலும் நீரை ஏற்றிவிடக்கூடும்.

போனவுடன் கரையைப் பாருங்கள். புல்லே முளைக்காத வெற்று மண் பட்டை ஒன்று நீரைச் சுற்றி வளையமாக ஓடும். சருகும் சுள்ளியும் ஒதுங்கிய கோடு ஒன்று அதற்கு மேலே தெரியும். அந்தக் கோடு வரை தண்ணீர் வந்து போயிருக்கிறது என்று பொருள். கூடாரம் அந்தக் கோட்டுக்கும் மேலே, பழைய புல்லும் புதரும் நிற்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும். முகாமில் இடத்துக்கு எண் போட்டிருந்தால் அதைவிட்டு இறங்கி வராதீர்கள்.

வெற்று மண் பட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு. மேலே காய்ந்து வெடித்திருக்கும். உள்ளே வண்டல் சேறு. பெரியவருக்கு முழங்கால் புதையும் இடத்தில் குழந்தைக்கு இடுப்பு புதையும். கூடாரத்தின் முளையும் அந்த மண்ணில் நிற்காது.

*கேள்வி: குழந்தைகள் கரையோரத்தில் கால் நனைத்து விளையாடலாமா? ஆழம் குறைவாகத்தான் தெரிகிறது.*

முகாம் நிர்வாகம் குளிப்பதற்கென்று ஒதுக்கிய இடம் இருந்தால் அங்கே மட்டும். குளிக்கத் தடை என்றால், கால் நனைப்பதும் வேண்டாம்.

நீர்த்தேக்கத்தின் அடி, தண்ணீர் வருவதற்கு முன்பிருந்த பள்ளத்தாக்குதான். பழைய ஆற்றுப் பள்ளம், கிணறு, சாலை, சுவர், வெட்டி விடப்பட்ட மரங்களின் அடிக்கட்டை எல்லாம் உள்ளே அப்படியே கிடக்கலாம். நான்கு காலடி வரை முழங்காலளவு, ஐந்தாவது காலடியில் தலைக்கு மேல். வெயிலில் மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். சற்று ஆழத்தில் சட்டென்று குளிர்ந்த அடுக்கு தொடங்கும். அந்தக் குளிர் பட்டதும் மூச்சு தானாக உள்ளிழுக்கும். அப்போது வாய் நீருக்குள் இருந்தால் நல்ல நீச்சல்காரரும் தடுமாறுவார்.

சிறு குழந்தை எட்டிப் பிடிக்கும் தூரத்தில், உங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உடலுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். காற்றடைத்த வளையமும் மெத்தையும் விளையாட்டுப் பொருள்கள்தான். கரையிலிருந்து வீசும் காற்று அவற்றைச் சில நிமிடங்களில் நடுநீருக்குத் தள்ளிவிடும். மூழ்கும் குழந்தை கையசைத்துக் கூப்பிடும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எழாது. சத்தமே இல்லாமல்தான் மூழ்குவார்கள். அதனால் "எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்" என்பது போதாது. இந்த அரை மணி நேரம் இவர், அடுத்த அரை மணி நேரம் அவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்பைக் கொடுங்கள். கண்காணிப்பவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது.

*கேள்வி: இரவில் குளிர் அதிகமென்றார்கள். கரியடுப்பின் தணலை மட்டும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு படுக்கலாமா? புகை வராது அல்லவா?*

கூடாது. புகை வராததுதான் ஆபத்து.

தணல் அணையும் தறுவாயிலும் கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி. தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. கூடாரத்தின் முன்பக்கத் திண்ணை போன்ற மூடிய பகுதியும் உள்ளே என்றே கணக்கு. சமைத்து முடித்த அடுப்பை மழைக்காக உள்ளே இழுத்து வைப்பதும் கூடாது.

*கேள்வி: மேலே நீங்கள் சொன்னதை ஏற்க முடியவில்லை. நான் பல ஆண்டுகளாக நீர்க்கரையில்தான் கூடாரமடிக்கிறேன். தண்ணீர் மெல்லச் சூடாகி மெல்லக் குளிரும். இரவில் தரையைவிட நீர் வெப்பமாக இருக்கும். ஆகவே கரைதான் கதகதப்பான இடம். சரிவில் ஏறிப் படுக்கச் சொல்வது குடும்பங்களைக் குளிரில் தள்ளுவது.*

நல்ல மறுப்பு. நீரைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதிலிருந்து நீங்கள் வந்த முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது. அதைத் தொடும் காற்றும் குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து இறங்கும், பள்ளத்தில் தேங்கும். குன்றுகளுக்கு நடுவே மிகப் பள்ளமான இடம் நீர்த்தேக்கத்தின் ஓரந்தான். நீருக்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாக இருந்தாலும் அது உங்கள் கூடாரத்தை நோக்கி வருவதில்லை. அமைதியான இரவில் காற்று தரையிலிருந்து நீரை நோக்கித்தான் நகரும். ஆகவே கரையில் படுத்திருப்பவர் மேல் குன்றிலிருந்து இறங்கும் குளிர்காற்றுதான் தவழ்ந்து போகிறது. விடியலில் எழும் மூடுபனியும் முதலில் அங்கேதான் படியும்.

குன்றின் உச்சிக்குப் போகவும் நான் சொல்லவில்லை. அங்கே காற்றும் மின்னலும். பள்ளத்துக்கும் உச்சிக்கும் இடையே, சரிவில் மேடை போல் சமதளமாக இருக்கும் இடம்தான் இரவில் மிதமானது.

*அதே வாசகர்: இது புத்தகக் கணக்கு. என் அனுபவத்தில் கரையில் குளிர்ந்ததே இல்லை.*

உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. மேகம் மூடிய இரவிலும் காற்று வீசும் இரவிலும் நான் சொன்ன வித்தியாசம் கலைந்துபோகும். நீர்ப்பரப்பு மிகப் பெரிதாக, சுற்றிலும் குன்றுகள் தாழ்வாக இருந்தாலும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நீங்கள் வழக்கமாகப் போவது அப்படிப்பட்ட இடமா? எப்படியானாலும் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை, ஒன்று கரையில், ஒன்று சரிவில், தரையிலிருந்து ஒரே உயரத்தில் தொங்கவிடுங்கள். சூரியன் எழுவதற்குச் சற்று முன் பாருங்கள். குளிர் உச்சத்தில் இருப்பது அப்போதுதான்.

*கேள்வி: சிறிய கேஸ் ஹீட்டர் என்றால் கூடாரத்துக்குள் பரவாயில்லையா?*

இல்லை. எரிவது எதுவும் உள்ளே வேண்டாம். மேலே கரியடுப்புக்குச் சொன்ன பதிலை வாசியுங்கள்.

*கேள்வி: ஐந்து டிகிரிக்கான ஸ்லீப்பிங் பேக் என்று வாங்கினோம். பத்து டிகிரியிலேயே நடுங்கினோம். ஏமாற்றிவிட்டார்களா?*

பையின் மேல் மூன்று எண்கள் இருக்கும். வசதியாக உறங்கும் வெப்பநிலை ஒன்று. உடலைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ தாக்குப்பிடிக்கும் எல்லை ஒன்று. உயிர் மட்டும் தப்பும் எல்லை ஒன்று. பெரிய எழுத்தில் அச்சிடுவது பெரும்பாலும் இரண்டாவதை. நீங்கள் பார்க்க வேண்டியது முதலாவதை.

எதற்கும் உங்கள் அடியில் என்ன விரித்திருந்தீர்கள் என்று சொல்லுங்கள். பையின் அடிப்பஞ்சு உடல் எடையில் நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சு காற்றைப் பிடித்து வைக்காது. வெப்பத்தைத் தரை உறிஞ்சிவிடும். மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் பாய் ஒன்றை அடியில் சேர்த்தாலே பாதிக் குளிர் போய்விடும். வெறும் காற்று மெத்தை போதாது, அதற்குள் இருக்கும் காற்றும் சுழன்று குளிரும். படுக்குமுன் பகல் முழுக்க அணிந்த வியர்த்த உடையை மாற்றுங்கள்.

*கேள்வி: புதுக் கூடாரம். மழையே இல்லை, காலையில் உள்ளே எல்லாம் ஈரம். ஒழுகுகிறதா?*

ஒழுகவில்லை. அது உங்கள் மூச்சு. ஓர் ஆள் ஓர் இரவில் சுமார் கால் லிட்டர் நீரை ஆவியாக விடுகிறார். நான்கு பேர் என்றால் ஒரு லிட்டர், குளிர்ந்த துணியில் போய்ப் படிகிறது. குளிருக்குப் பயந்து ஜன்னல்களை மூடியிருப்பீர்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று எனத் திறந்து வையுங்கள். ஈரத் துணிகளை உள்ளே உலர்த்தாதீர்கள். நீரோரத்தைவிட்டு விலகி அடித்தால் இந்த ஈரமும் குறையும்.

*கேள்வி: நீர்த்தேக்கத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?*

குடிநீரைக் கையோடு கொண்டு போங்கள். வேறு வழியே இல்லையென்றால், தெளியவைத்து வடிகட்டி, கொதி வந்த பின் ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். கிருமிகளுக்கு அது போதும்.

ஆனால் கோடையில் தேங்கிய நீரில் பச்சை வர்ணம் கொட்டியது போல் ஏடு படர்ந்திருந்தால் தொடவே வேண்டாம். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நச்சு கொதித்தாலும் அழியாது. நாயை அழைத்துப் போகிறவர்கள் மிகக் கவனமாக இருங்கள்: நாய் அந்த நீரில் இறங்கும், பிறகு உடம்பை நக்கும், சில மணி நேரத்தில் இறந்துவிடவும்கூடும்.

*கேள்வி: எந்த மீனுக்கு எந்தத் தூண்டில்?*

என் துறை அல்ல. தூண்டில் பிடிப்பவர் ஒருவரிடமும், அனுமதி பற்றி நீர்த்தேக்க நிர்வாகத்திடமும் கேளுங்கள்.

*கேள்வி: ஒரே ஓர் இரவுதான் தங்குகிறோம். அதற்கும் கரையைவிட்டுத் தள்ளித்தான் அடிக்க வேண்டுமா?*

ஆம். நீர் ஏறுவதற்கு ஓர் இரவு போதும்.

*வேறொரு வாசகர்: வெப்பமானி விவாதத்துக்காக எழுதுகிறேன். சென்ற குளிர்காலத்தில் இதையே செய்து பார்த்தேன். விடியற்காலையில் கரையில் 9 டிகிரி, கழிப்பறைக் கட்டடம் இருந்த மேட்டில் 12. ஆனால் மறுநாள் மேகம் கவிந்திருந்தது. இரண்டிலும் ஒரே எண்.*

இதைத்தான் கேட்க ஆசைப்பட்டேன், மிக்க நன்றி. இரண்டாம் நாள் எண்ணையும் மறைக்காமல் சொன்னதற்கு இன்னொரு நன்றி. கரைக்காரருக்கும் இதில் பாதி வெற்றி. மூன்று டிகிரி சிறியதாகத் தோன்றலாம். மெல்லிய போர்வையில் படுத்திருக்கும் குழந்தைக்கு அது விழிப்புக்கும் உறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்.

*அந்த முதல் வாசகர்: நான் போவது நீளமான, அகன்ற நீர்த்தேக்கம். சுற்றிலும் தாழ்ந்த மேடுகள்தான். குளிர் விஷயத்தில் என் இடத்துக்கு நான் சொன்னது சரி. நீர்மட்ட விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி.*

இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன்.

*கேள்வி: நெருப்பை மண் போட்டு மூடிவிட்டால் அணைந்துவிடும் அல்லவா?*

அணையாது. மண் மூடிய தணல் மறுநாள் வரை கனன்றுகொண்டிருக்கும். மேலே பார்த்தால் வெறும் மண். காலையில் அதன்மேல் வெறுங்காலோடு ஓடுவது குழந்தைதான். நான் பராமரித்த முகாமில் அப்படி வெந்த பாதத்தைக் கையில் ஏந்தித் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அந்த அழுகை இன்னும் மறக்கவில்லை. தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடில்லை என்று உறுதியான பிறகே படுக்கப் போங்கள்.

*கேள்வி: இடி மின்னல் வந்தால் கூடாரத்துக்குள் இருப்பது பாதுகாப்பா?*

இல்லை. காருக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள், அல்லது முகாமின் கட்டடத்துக்குள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டாலே உள்ளே போக வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். நீரில் இருப்பவர்களை முதல் முழக்கத்திலேயே கரையேற்றுங்கள்.

*கேள்வி: மண்ணெண்ணெய் விளக்கு கூடாரத்துக்குள்...*

எரிவது எதுவும் வேண்டாம். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் காலையில் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காக இன்னும் பத்து முறை கேட்டாலும் இதையே சொல்வேன்.

*கேள்வி: அணைக்குக் கீழே ஆறு மணலாகக் கிடக்கிறது. கூட்டமே இல்லை. அங்கே கூடாரமடிக்கலாமா?*

வேண்டவே வேண்டாம். இன்று வந்த கேள்விகளிலேயே என்னை மிகவும் பயமுறுத்தியது இதுதான். அணைக்குக் கீழே வறண்டு கிடக்கும் ஆறு தண்ணீருக்கென்றே ஒதுக்கிய வழி. மதகு திறக்க மழை பெய்ய வேண்டியதில்லை. மின் உற்பத்திக்காக எந்த நேரமும் திறக்கலாம். எச்சரிக்கைச் சங்கு ஊதினாலும், தூங்கும் குடும்பம் எழுந்து, குழந்தைகளைத் தூக்கி, இருட்டில் கரையேறுவதற்குள் நீர் வந்துவிடும். நடு ஆற்றுப் பாறையில் படம் எடுக்க நிற்பதும் இதே கணக்குத்தான். ஏற்கெனவே அங்கே இடம் பார்த்து வைத்திருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள்.

*கேள்வி: முகாமுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?*

சூரியன் மறைவதற்கு மூன்று மணி நேரம் முன்பே. கரைக்கோட்டைப் பார்க்கவும், தலைக்கு மேல் காய்ந்த கிளை இல்லாத இடம் தேடவும், கூடாரமடிக்கவும் வெளிச்சம் வேண்டும். மிச்சமிருக்கும் நேரத்தில் எல்லோரும் கரைக்கு இறங்கி நீரைப் பாருங்கள்.