புது டயரும் சொகுசான பயணமும்: கேள்வி பதில்

கேள்வி (மதுரை வாசகர்): 2018இல் வாங்கிய ஸ்விஃப்ட் கார், 185/65 ஆர்15 டயர். தேய்ந்துவிட்டதால் மாற்ற வேண்டும். பின்னிருக்கையில் உட்காரும் அம்மாவுக்கு முதுகுவலி இருக்கிறது. தூக்கிப் போடாத டயராக எதை வாங்கலாம், ஐயா?

பதில்: கம்பெனிப் பெயரைப் பார்ப்பதற்கு முன் அளவைப் பாருங்கள். 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அந்த அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். அதாவது, உங்கள் ரிம்முக்கும் சாலைக்கும் இடையே சுமார் 120 மில்லிமீட்டர் இருக்கிறது. இதே காரின் விலை குறைந்த வகைகளில் வந்த 165/80 ஆர்14 டயரில் இந்த உயரம் 132 மில்லிமீட்டர். இரண்டு டயர்களுக்கும் மொத்த விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர்தான் என்பதால் வேகமானி காட்டும் அளவும் மாறாது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷாக் அப்சார்பருக்கும் முன்பாக அமுங்கிக் கொடுப்பது இந்தப் பக்கச்சுவர்தான் என்பதால், அம்மாவுக்காக ரிம்மையும் சேர்த்து மாற்றத் தயாராக இருந்தால், பிரேக் பாகங்களில் உரசுகிறதா என்று ஒரு சக்கரத்தை மாட்டிப் பார்த்துவிட்டு 14 அங்குல ரிம்முக்கு (ஆர்14) இறங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

ரிம்மை மாற்ற விருப்பமில்லையெனில், மிஷலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா போன்ற, சொகுசையும் குறைந்த இரைச்சலையும் முன்னிறுத்தும் வகைகளில் அதே அளவைக் கேளுங்கள். கூடுதல் பாரத்துக்காக உறுதியாக்கப்பட்ட, ‘எக்ஸ்எல்’ என்று பொறித்த டயர்கள், உங்கள் காருக்கு அவை தேவை என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தாலன்றி, வேண்டாம்.

கேள்வி (கோவை வாசகர்): என் ஹோண்டா சிட்டியில் 175/65 ஆர்15 இருக்கிறது. 16 அங்குல அலாய் போட்டால் பயணம் கெடுமா?

பதில்: கெடும். 185/55 ஆர்16 டயரில் பக்கச்சுவர் 114 மில்லிமீட்டரிலிருந்து 102 ஆகக் குறைகிறது. வளைவில் பிடிப்பு கூடும். ஆனால் ஒவ்வொரு வேகத்தடையும் இடுப்பில் தெரியும்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): நல்ல டயர்களாகவே நான்கு மாட்டினேன். முன்பைவிட அதிகமாகக் குதிக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: டயரைக் குறை சொல்வதற்கு முன் காற்றை அளந்து பாருங்கள். சென்ற முறை என் காருக்கு டயர் மாற்றிக்கொண்டு வீடு திரும்பியபோது எனக்கும் இதே சந்தேகம் வந்தது. மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன் அளவுமானியை வைத்துப் பார்த்தால் 33 இருக்க வேண்டிய இடத்தில் 42 காட்டியது. ரிம்மில் டயர் பொருந்தி உட்காருவதற்காக ஏற்றிய காற்றைக் கடையில் குறைக்க மறந்திருந்தார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் காருக்கான அளவு இருக்கும். டயர் சூடாக இருக்கும்போது அளவு மூன்று நான்கு புள்ளிகள் கூடுதலாகக் காட்டும் என்பதால், ஓடி வந்த உடனே பெட்ரோல் பங்கில் பிடிக்கும் அளவை நம்பாதீர்கள். அதேசமயம், மெத்தென்று இருக்கட்டும் என்று அந்தத் தாளில் உள்ளதற்குக் கீழே இறக்கவும் கூடாது. நான்குவழிச் சாலையில் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிப்பதற்கு அதுவே காரணமாகிவிடும்.

கேள்வி (சென்னை வாசகர்): ஏழு ஆண்டுகளில் 25,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருந்தும் கட்டைவண்டி போல அதிர்கிறதே?

பதில்: வெயிலிலும் வயதிலும் ரப்பர் இறுகிவிட்டிருக்கும். பட்டன்களின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிகின்றனவா என்று விரலால் விரித்துப் பாருங்கள். தெரிந்தால் தயங்காமல் மாற்றுங்கள். புதிதாக வாங்கும்போது, டயரின் பக்கச்சுவரில் ‘டாட்’ (DOT) என்ற எழுத்துகளை அடுத்து வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 1824 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் தயாரானது. டயர் மாட்டும் அதே நாளில் ஷாக் அப்சார்பரையும், சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு வாசகர்): இப்போதைக்கு இரண்டு டயர்தான் வாங்க முடியும். முன்னால் போடலாமா?

பதில்: பின்னால் போடுங்கள். மழையில் பின்சக்கரம் பிடிப்பை இழந்தால் வண்டி சுழன்றுவிடும். அதைத் திருப்பி நேராக்குவது கடினம்.