வாடகை வீட்டின் சாப்பாட்டு அறைச் சுவரை அதிகச் செலவில்லாமல் எப்படி அழகுபடுத்தலாம்?

நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: வாடகை வீடு, மேசைக்குப் பின்னால் வெறும் சுவர், கையில் அதிகப் பணம் இல்லை, ஆணி அடிக்க வீட்டுக்காரர் லேசில் சம்மதிப்பதில்லை. ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையையொட்டிய நகரியில் நாங்கள் குடியிருப்பதும் இப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பொருளை வாங்குங்கள். அது நம் பக்கத்தில் கையால் செய்த பொருளாக இருக்கட்டும். அதை உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராக மாட்டுங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் படத்தை நின்றுகொண்டு மாட்டுகிறோம். நின்றவர் கண்ணுக்குச் சரி என்று தோன்றிய இடத்தில் ஆணி இறங்கிவிடுகிறது. கூடத்துக்கு அது பொருந்தும். சாப்பாட்டு அறையில் யாரும் நிற்பதில்லை. நின்றபடி பார்க்கும் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நாற்காலியில் உட்கார்ந்தால் கண் 115 அல்லது 120 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். ஆகவே நடுப்பகுதியை 125 முதல் 130 வரை வையுங்கள். மேசையின் உயரம் 75 சென்டிமீட்டர் இருக்கும். அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டால் குழம்புக் கிண்ணம் படத்தில் உரசாது. படத்தின் அகலம் மேசையின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் நன்றாக இருக்கும். ஐந்து அடி மேசைக்கு ஏறக்குறைய மூன்றேகால் அடி வரை போகலாம். பாய் விரித்துத் தரையில் சாப்பிடும் வீடானால் இன்னும் ஒன்றரை அடி இறக்குங்கள். வந்தவர்கள் 'ஏன் இவ்வளவு கீழே?' என்று கேட்பார்கள். இலை போட்டு உட்கார வையுங்கள், அவர்களுக்கே புரிந்துவிடும்.

வாங்கும் முன் சுவரைப் பாருங்கள். பழைய வீடுகளில் தரையையொட்டி உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிரும். அதன் மேல் எந்தப் பெயின்ட் அடித்தாலும் நிற்காது. ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். அதை வீட்டுக்காரர்தான் சரிசெய்து தர வேண்டும். நீங்கள் காசு போட்டு மூடாதீர்கள். சுவர் காய்ந்திருந்தால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் கழுவக்கூடிய எமல்ஷன் அடித்துக்கொள்ளலாம். பத்துக்குப் பத்து அடிச் சுவருக்கு இரண்டு கோட் அடிக்க இரண்டு லிட்டர் போதும். நிறத்தைப் பற்றி எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. மங்கிய சந்தன நிறம் எதையும் கெடுக்காது.

இனி என்ன மாட்டுவது என்பதற்கு வருவோம். நகரியிலிருந்து காளஹஸ்தி எட்டும் தூரம்தான். கண்ணப்ப நாயனாரின் காளத்தி என்று நாம் கும்பிடப் போகும் அதே ஊரில்தான் கலம்காரி என்னும், துணியில் கையால் வரையும் ஓவியக்கலை இருக்கிறது. இந்தப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு பிளாஸ்டிக் ஸ்டிக்கரைச் சுவரில் ஒட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ராமாயணம் முழுவதையும் கட்டம் கட்டமாக வரைந்த பெரிய துணிகள் நம் கைக்கு எட்டாத விலை என்பது உண்மைதான். ஆனால் ஒரே காட்சி வரைந்த சிறிய துணிகளும், மரமும் மயிலும் மட்டும் உள்ள துணிகளும் கிடைக்கும். ஒரு பண்டிகைக்குப் புதுத்துணி எடுக்கும் பணத்தை அதற்கு ஒதுக்கினால் ஆயுசுக்கும் இருக்கும்.

எங்கள் வீட்டில் இருப்பது குகன் ராமனை ஓடத்தில் ஏற்றும் காட்சி. கிட்டே போய்ப் பார்த்தால் வரைந்தவரின் கை எப்படி ஓடியது என்பது தெரியும். மூங்கில் குச்சியின் நுனியில் துணியோ கம்பளி நூலோ சுற்றிக் கட்டியதுதான் அவர்களுடைய எழுதுகோல். மையில் தோய்த்து எடுத்த உடனே போட்ட கோடு கனமாக இருக்கிறது. மீனின் வாலுக்கு வரும்போது மெலிந்து போகிறது. ஓடத்துக்குக் கீழே அலைகள் வரிவரியாக இருக்கின்றன. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை.

கறுப்பு மையை இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து எடுக்கிறார்கள். துணியை முன்னதாகவே கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்திருப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேரும்போதுதான் கறுப்பு பிடிக்கிறது. பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாமல் கோட்டிலேயே நிறுத்திவைக்கிறது. ஒவ்வொரு நிறம் ஏற்றிய பிறகும் துணியை ஓடும் நீரில் அலச வேண்டும். காளஹஸ்தியில் ஓடும் பொன்முகலி ஆற்றங்கரையில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு அந்தத் தண்ணீரும் ஒரு காரணம்.

கடையில் மீட்டர் கணக்கில் மலிவாக விற்கும் கலம்காரி பெரும்பாலும் அச்சுத் துணி. அதையும் வாங்கலாம், தவறில்லை. கைவேலை என்று சொல்லி விற்றால் மட்டும் பாருங்கள். ஒரே பூ இரண்டு இடத்தில் அச்சு அசலாக வந்திருந்தால் அது கைவேலை இல்லை.

காளஹஸ்தித் துணிகளில் படத்தையொட்டித் தெலுங்கில் ஒரு வரி எழுதுவது பழைய வழக்கம். என் மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். என் மகள் தெலுங்குப் பள்ளியில் படிக்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது அத்தை, "அந்த ஓடக்காரன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, படி கண்ணு" என்பார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழில் சொல்வாள். உடனே அத்தை குகன் கதையை எடுத்துவிடுவார். அது பல தடவை கேட்ட கதைதான், ஆனாலும் மகள் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு கேள்வி கேட்பாள். படம் நின்றவர் உயரத்தில் இருந்திருந்தால் நாற்காலியிலிருந்து அந்தச் சிறிய எழுத்து அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

மாட்டும் முறை எளிது. கண்ணாடிச் சட்டம் வேண்டாம். துணியின் விலையைவிடச் சட்டத்தின் விலை கூடிவிடும். மேல் விளிம்பில் தனியாக ஒரு காடாத்துணிப் பட்டையைக் குழல்போல் தைத்து, அதற்குள் மரக்கம்பை நுழையுங்கள். கீழேயும் அப்படியே ஒரு கம்பு கொடுத்தால் மின்விசிறிக் காற்றுக்குத் துணி ஆடாது. இரண்டே ஆணி போதும். அதற்கும் தடை என்றால் பரண் விளிம்பிலிருந்து கயிற்றில் தொங்கவிடலாம். ஒட்டும் கொக்கிகளைச் சுண்ணாம்பிலும் டிஸ்டெம்பரிலும் நம்ப வேண்டாம், பூச்சோடு சேர்ந்து கழன்று விழும். சாயங்கள் பெரும்பாலும் செடிகொடியிலிருந்து எடுத்தவை, நேர் வெயில் பட்டால் மங்கிவிடும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்றால் இடத்தை மாற்றுங்கள்.

இதற்கும் பணம் இல்லை என்றால் முறம் வாங்குங்கள். சந்தையில் நூறு இருநூறு ரூபாய்க்குள் மூங்கில் முறம் கிடைக்கும். பெரிதாக ஒன்று போதும், வண்ணம் பூச வேண்டாம். மூங்கிலில் மாவுச்சத்து உண்டு, அதற்காகவே வண்டு துளைக்கும். நன்றாக வெயிலில் காயவைத்து இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்துவிடுங்கள். பித்தளைத் தாம்பாளம் மாட்டுவதும் அழகுதான். ஆனால் சமையல் அறை பக்கத்தில் இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். புளி போட்டு அடிக்கடி துலக்க முடிந்தவர்கள் மட்டும் மாட்டுங்கள்.

வெளிச்சத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. வெள்ளை டியூப் லைட்டில் சாம்பாரும் வெளுத்துத் தெரியும், துணியின் சிவப்பும் வெளுத்துத் தெரியும். 2700 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சள் எல்.இ.டி. பல்பு ஒன்றை மேசைக்கு மேலே போடுங்கள். இத்தனையிலும் மிகக் குறைந்த செலவில் அதிக மாற்றம் தருவது இதுதான்.

வீடு மாறும்போது ஆணித் துளைகளைச் சுவருக்குப் பூசும் புட்டி மாவால் அடைத்துவிடுங்கள். துணியை மடிக்காதீர்கள், மடிப்பில் சாயம் விரிசல் விட்டதுபோல் தேயும். படம் உள்பக்கம் இருக்கும்படி காடாத்துணியோடு சேர்த்துச் சுருட்டிக் கையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.