உமரிக்கு மேலே உள்ள வெறுந்தரை

வணக்கம்.

கழிமுகத்தை ஒட்டிய உவர்நிலம் ஒன்றை எங்கள் குழு பராமரிக்க எடுத்துக்கொண்டிருக்கிறது. ஓடைக்கரையில் கொஞ்சம் கண்டல் (அலையாத்தி) மரங்கள். அதற்கு மேலே முழங்கால் உயரத்தில் உமரி என்னும் உப்புச்செடி. அதற்கும் மேலே ஒரு புல்கூட இல்லாத வெள்ளைத் தரை. போன மழைக்காலத்தில் அந்தத் தரையில் குழி தோண்டி, எருவும் செம்மண்ணும் இட்டு 600 கன்றுகள் நட்டோம். பாதி வெண்கண்டல், பாதி சவுக்கு. லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியும் நான்கு மாதத்தில் எல்லாம் கருகிவிட்டன. இந்த முறை எந்த மரம் வைத்தால் பிடிக்கும்? இன்னொரு சந்தேகம். பறவைகள் நிறைய வரும் இடம் என்றார்கள். நாங்கள் போகும்போதெல்லாம் காலியாகத்தான் கிடக்கிறது. ஏன்?

அன்புடன்,
சு.

அன்புள்ள சு.,

அந்த வெள்ளைத் தரையில் எந்த மரமும் வைக்காதீர்கள். நாலு மாத உழைப்பு வீணானதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த 600 கன்றும் பிடித்து வளர்ந்திருந்தால் இழப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

உவர்நிலத்தில் எது எங்கே வளரும் என்பதைத் தரையின் உயரம்தான் தீர்மானிக்கிறது. ஒரு சாண் ஏற்ற இறக்கம் போதும், செடி மாறிவிடும். நாளுக்கு இருமுறை ஓதம், அதாவது கடல்நீர், ஏறி வற்றும் கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் தினமும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் நீர் மிக உயரம் ஏறும். அட்டமியை ஒட்டி ஏற்றம் தாழ்ந்துவிடும். ஓடைக்கரை தினமும் நனைகிறது. அங்கே மண்ணிலுள்ள நீரின் உப்பு கடல்நீரை விட்டு அதிகம் விலகுவதில்லை, லிட்டருக்கு 35 கிராம் அளவில் நிற்கும். உமரித் திட்டு மாதத்தில் பல நாள் நனையும். வெள்ளைத் தரைக்கு நீர் வருவது பெரிய ஏற்றம் உள்ள சில நாட்களில் மட்டும். வந்த நீரில் ஒரு பகுதி வடியாமல் தேங்குகிறது, வெயில் அதைக் குடிக்கிறது, உப்பு தங்கிவிடுகிறது. அடுத்த ஏற்றம் அதன்மேல் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மழை அதிகமுள்ள குளிர்நாடுகளில் மேலே போகப்போக உப்பு குறையும், உவர்நிலம் மெல்லப் புல்வெளியாக மாறிவிடும். வெப்பமும் வறட்சியும் உள்ள கரைகளில் நிலைமை வேறு. ஓதம் எட்டும் எல்லைக்குச் சற்றுக் கீழேதான் உப்பு உச்சத்தில் இருக்கும். அதையும் தாண்டி, கடல்நீர் எட்டாத மேட்டில், மழை உப்பைக் கழுவிவிடுவதால் மறுபடி புல் தொடங்கும். உங்கள் வெள்ளைத் தரை உமரிக்கும் அந்தப் புல்லுக்கும் நடுவில் மாட்டிய பட்டை.

அங்கே குழி தோண்டினால் என்ன ஆகிறது? குழி ஒரு சின்ன உப்புப் பாத்தி ஆகிவிடுகிறது. பெரிய ஏற்றத்தில் நிரம்பிய நீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே வற்றி, உப்பு முழுவதும் வேரைச் சுற்றிப் படிகிறது. கன்றைச் சுற்றி நீங்கள் வரப்பும் கட்டியிருந்தால் கெடுதல் இரட்டிப்பு. எரு போட்டது சேற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனியாகி, இருந்த சொற்ப ஆக்சிஜனையும் தீர்த்திருக்கும். லாரித் தண்ணீர் அந்த நேரத்துக்கு மேல்மண்ணைக் கழுவியிருக்கும். ஆனால் அடியில் உள்ள உவர்நீரோடு அந்த ஈரம் தொடர்ந்துவிட்டால், மேலே காயக் காய நுண்துளைகள் வழியே உப்பு மறுபடி ஏறும். சவுக்கு மணல்மேட்டு மரம். நீர் வடியாத உவர்க்களியில் அதன் வேர் மூச்சு முட்டியே செத்திருக்கும்.

நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, நீங்களே அளந்து பாருங்கள். ஓடைக்கரையிலிருந்து மேட்டுநிலம் வரை நேர்கோட்டில் 20 மீட்டருக்கு ஒன்றாக மூங்கில் குச்சி நடுங்கள். ஒவ்வொரு குச்சியிலும் தரையிலிருந்து இரண்டு சாண் உயரம் வரை சுண்ணாம்புக் கட்டியை அழுத்தித் தேய்த்து விடுங்கள். நீர் தொட்ட உயரம் வரை சுண்ணாம்பு கரைந்திருக்கும். தினமும் பார்த்து, அழிந்திருந்தால் மறுபடி பூசி, ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை குறித்துவந்தால் எந்தக் குச்சிக்கு மாதத்தில் எத்தனை நாள் நீர் வந்தது என்று தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு குச்சியின் அருகிலும் ஒரு முழ ஆழத்துக்குக் கையகலக் குழி எடுத்து, ஊறிவரும் நீரில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டுப் பாருங்கள். இறால் பண்ணைகளில் உப்பு பார்க்க வைத்திருக்கும் அதே கருவிதான். பெரும்பாலும் 100 (ஆயிரத்தில் 100 பங்கு உப்பு) வரைதான் காட்டும். அதற்கு மேல் போனால் ஒரு பங்கு ஊற்றுநீரோடு ஒரு பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து அளந்து, வரும் எண்ணை இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள். கண்டல் இனங்களில் உப்பை நன்றாகத் தாங்கும் வெண்கண்டலே 90-க்கு மேல் நிலைப்பதில்லை. குழியை உடனே மூடிவிடுங்கள். மழை பெய்த வாரத்தில் அளக்க வேண்டாம், எண் ஏமாற்றும்.

உமரியை நீங்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அது நின்று பார்க்க வேண்டிய செடி. வெண்கண்டல் தன் இலையிலுள்ள சுரப்பிகள் வழியே உப்பை வெளியே தள்ளும். காலையில் இலையை விரலால் தடவினால் கரகரவென்று படும். உமரிக்கு அந்தச் சுரப்பி கிடையாது. உள்ளே வந்த உப்பைச் செல்லின் நடுப்பைக்குள் பூட்டி, நீரைச் சேர்த்து நீர்த்துப்போகச் செய்து வாழ்கிறது. தண்டும் இலையும் குண்டாக இருப்பது அதனால்தான். பருவ முடிவில் உப்பு மிஞ்சும்போது செடி செக்கச்செவேலென்று ஆகும். அது நோய் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். சிவந்த திட்டும் பச்சைத் திட்டும் கலந்து கிடப்பது நலமான உமரிக்காடுதான். அதன் அடியில் ஈரத்தில் நத்தைகளும் சின்ன நண்டுகளும் இருக்கும். ஏற்றத்தின்போது மடவைக் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் தண்டுகளுக்கு இடையே நுழைந்து, பெரிய மீன்களிடமிருந்து தப்பித்து மேய்ந்துவிட்டு, வற்றத்தோடு ஓடைக்குத் திரும்பும்.

இனி வெறுந்தரை. நனைந்திருக்கும் நாளில் மண்டியிட்டு அருகில் பாருங்கள். மேலே வழுவழுப்பான தோல் போல ஒன்று படர்ந்திருக்கும். அது நீலப்பச்சைப் பாசி. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் சேர்க்கும் வேலையை அது செய்கிறது. காய்ந்ததும் சருகுபோலச் சுருண்டு உடைகிறது, அடுத்த பெரிய ஏற்றம் அந்தத் துணுக்குகளைக் கீழே உமரிக்குக் கொண்டுபோகிறது. நீர் தேங்கிய பள்ளங்களில் உப்பு ஈக்களின் புழுக்களும் உப்புநீர் இறாலும் பெருகும். இவற்றைத் தின்னும் மீன்களால் அந்த உப்பில் வாழ முடியாது என்பதால் பறவைகளுக்கு அங்கே போட்டியே இல்லை. பூநாரைகள் தலையைக் கவிழ்த்து அரிப்பது இத்தகைய நீரில்தான்.

அந்தத் தரையில் கூடு கட்டும் பறவையும் உண்டு. கெண்டிஷ் உப்புக்கொத்தி. கூடு என்றால் தரையில் கிளறிய ஒரு சின்னக் குழி, சில சிப்பித் துண்டுகள், பெரும்பாலும் மூன்று முட்டைகள். நிறம் மண்ணோடு மண். நிழலே இல்லாத அந்த இடத்தில் வெயில் ஏறும்போது தாயோ தந்தையோ ஓடிப்போய் வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டைமேல் அமரும். சில இடங்களில் சின்ன ஆலாக்களும் இதே தரையில் முட்டையிடும். சுற்றிலும் தடையில்லாமல் பார்வை போவதுதான் இவற்றுக்கு உள்ள ஒரே பாதுகாப்பு. உங்கள் கன்றுகள் பத்தடி வளர்ந்திருந்தால் காக்கையும் பருந்தும் உட்கார்ந்து நோட்டம் பார்க்க 600 கிளைகள் கிடைத்திருக்கும். ஒரு கூடும் மிஞ்சாது.

காலியாகக் கிடக்கிறது என்றீர்கள். நீங்கள் வற்ற நேரத்தில் போயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது பறவைகள் தொலைவில், நீர் விலகிய சேற்றின் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். அங்கே ஒவ்வொன்றுக்கும் தன் அலகு எட்டும் ஆழம். இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைந்த அலகுள்ள கொசு உள்ளான் மேற்பரப்பைக் கொத்தும். நான்கு சென்டிமீட்டர் அலகால் பவளக்காலி அதற்குக் கீழே துழாவும். கோட்டான் என்னும் கரைப்பறவையின் (ஆந்தை அல்ல) வளைந்த நீண்ட அலகு நண்டு வளைக்குள்ளேயே போகும். ஓதம் ஏறிச் சேறு முழுகியதும் இவை அனைத்துக்கும் நிற்க இடம் வேண்டும். பெரிய ஏற்ற நாட்களில் அவை வந்து கூடுவது உங்கள் வெள்ளைத் தரை போன்ற திறந்த இடத்தில்தான். வலசைப் பருவத்தில், அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ அடுத்த நாள், ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துவிடுங்கள். பறவைகள் உங்களைத் தேடி வர வேண்டும், நீங்கள் நடந்து போகக் கூடாது. கழுத்தை நிமிர்த்தி எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் அசையாமல் இருங்கள், அடுத்தது எழும்பிப் பறத்தல்தான். 2022-இல் ஐந்து மாதக் குஞ்சான ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில் எங்கும் இறங்காமல் கடந்தது. அப்படிப் பறக்கும் உடம்புக்கு எரிபொருள், சேற்றில் தின்று சேர்த்த கொழுப்பு. ஓய்விடத்தில் ஒவ்வொரு முறை கலைத்துவிடும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது.

மேலே வேண்டாமென்றால் கீழே சேற்றுப்பரப்பில் கண்டல் நடலாமா என்று அடுத்துத் தோன்றும். அதுவும் வேண்டாம். கண்டல் வளரும் மட்டத்துக்குக் கீழே நட்டால் கன்று அதிக நேரம் முழுகி, சிப்பிகள் ஒட்டி, அலையில் சாய்ந்து போகும். பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகள் இப்படி நட்டவற்றில் பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான் பிழைத்தன. அந்தச் சேறு பறவைகளின் மேய்ச்சல் நிலமும் ஆகும்.

ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள். உங்கள் வெள்ளைத் தரை இயற்கையானதா, ஓதம் தடைபட்டதால் வெளுத்ததா? ஓடைக்கும் தரைக்கும் நடுவே பழைய சாலை, வரப்பு, அடைபட்ட குழாய்ப்பாலம் உண்டா என்று நடந்து பாருங்கள். தரையில் பழைய கண்டல் அடிக்கட்டைகள் கிடந்தால் அங்கே ஒருகாலத்தில் காடு இருந்திருக்கிறது. பிச்சாவரத்தில் நடந்தது இதுதான். மரங்களை மொத்தமாக வெட்டியபின் தரை வெயிலில் காய்ந்து தொட்டிபோல அமிழ்ந்தது, உள்ளே போன நீர் வடியாமல் உப்பு ஏறியது. ஓடையிலிருந்து முதன்மை வாய்க்கால்களும் அதிலிருந்து மீன்முள் போலச் சாய்வான கிளை வாய்க்கால்களும் வெட்டி, நீர் வந்து போக வழிசெய்தபிறகுதான் கன்றுகள் நிலைத்தன. இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையில் டோல்ஸ்பரியில் 1995-இல் கடற்சுவரைத் திறந்துவிட்டார்கள். ஓதம் கொண்டுவந்த விதையிலிருந்தே உப்புச் செடிகள் பரவின. தடை இருந்தால், உரிய அனுமதி பெற்று, தடையை எடுங்கள். மீதியை ஓதம் பார்த்துக்கொள்ளும். தடையே இல்லையென்றால் அது இயற்கையான உப்புத்தரை, அப்படியே விடுங்கள்.

வாய்க்கால் வெட்டும் நிலை வந்தால் ஓர் எச்சரிக்கை. ஆழத்தில் உள்ள கறுப்புச் சேற்றில் இரும்பும் கந்தகமும் கலந்திருக்கும். அதை வெட்டிக் கரையில் குவித்தால் காற்றுப் பட்டு கந்தக அமிலம் உண்டாகி ஓடையில் மீன் சாகும். முதலில் ஒரு கைப்பிடிச் சேற்றைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, காயவிடாமல் எட்டு வாரம் ஈரமாக வைத்து பி.எச். தாள் தொட்டுப் பாருங்கள். 4-க்குக் கீழே இறங்கினால் அங்கே தோண்டக் கூடாது.

இப்போதைக்கு உள்ள அவசர வேலை அந்த 600 குழிகள். அடுத்த பெரிய ஏற்றத்துக்கு முன்பு, முட்டையிடும் காலம் தொடங்காத பட்சத்தில், எருவையும் செம்மண்ணையும் அள்ளி வெளியே எடுத்துவிட்டு, பக்கத்தில் கிடக்கும் பழைய மண்ணாலேயே மூடித் தரைமட்டமாக்குங்கள். செம்மண்ணில் சீமைக்கருவேல விதை வந்திருக்கலாம், ஒரு கன்று தலைகாட்டினாலும் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். வண்டி எதையும் உள்ளே விடாதீர்கள். சக்கரத் தடம் பாசித் தோலைக் கிழித்துப் பல ஆண்டுகள் பள்ளமாகவே நிற்கும். கூடையில் சுமந்து, எல்லோரும் ஒரே தடத்தில் வரிசையாக நடந்து போய்வாருங்கள்.