அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த வீடு அம்மாவுக்குத் திரும்புமா?

கேள்வி: பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவை (74) நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2018-ல் வீட்டை அண்ணனுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். இப்போது அண்ணன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ரத்துப் பத்திரம் போட்டுத் தருவதாக ஒரு புரோக்கர் பணம் கேட்கிறார். தரலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள் சகோதரி. அம்மா மட்டும் கையெழுத்திடும் ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்ய சார்பதிவாளருக்கு அதிகாரமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. புரோக்கருக்கும் இது தெரியும். மை டப்பாவும் வெற்றுத்தாளுமாகக் கட்டிலருகே யார் வந்து உட்கார்ந்தாலும் கைரேகை வைக்க விடாதீர்கள். அந்தத் தாள் அப்புறம் கடன் பத்திரமாக வந்து நிற்கும்.

நீங்கள் போக வேண்டியது கோட்டாட்சியரிடம். 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அவர்தான் தீர்ப்பாயம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் செல்லாது என்று அறிவிக்க வழிசெய்வது அதன் பிரிவு 23. அதன்கீழ் அம்மா பெயரில் மனு கொடுங்கள்.

இனி பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். 'கடைசிக் காலம்வரை என்னைப் பராமரிக்க வேண்டும்' என்று இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால்? நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. 'எழுதவில்லையா, போச்சு' என்று பயமுறுத்துகிறவர்கள் இந்தத் தீர்ப்பைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியோர் நலனுக்கான சட்டம் இது, தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அந்த வழக்கில் மகன் தனித்தாளில் எழுதிய உறுதிமொழி இருந்தது. 'அன்பு, பாசத்தின் பேரில்' என்ற வரியையே சென்னை உயர் நீதிமன்றம் மறைமுக நிபந்தனையாக ஏற்றிருக்கிறது. ஆகவே அண்ணன் எழுதிய கடிதம், வாட்ஸ்அப் செய்தி, அன்று உடனிருந்த சாட்சிகள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

அதே மனுவில் பராமரிப்புத் தொகையும் கேளுங்கள். நோட்டீஸ் சேர்ந்த 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் கோட்டாட்சியருக்கு நிலத் தகராறும் தேர்தல் வேலையும் போகத்தான் இது. கிடைப்பதும் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. இரவு பகலாக ஆள் வைத்துப் பார்த்தால் தெரியும், அது எத்தனை நாளைக்குக் காணும் என்று. இந்த உச்சவரம்பை நீக்க 2019-ல் நாடாளுமன்றத்துக்கு வந்த திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் மகளுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

மருந்து, டயப்பர், பிசியோதெரபி ரசீதுகளைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். விசாரணையன்று அதையும் அசல் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் கொண்டு போங்கள்.