கண்ணாடிக்கு உயிர் ஓரத்தில்

(இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கிருஷ்ணகிரியில் 30 வருடமாகக் கண்ணாடி அறுத்து மாட்டிக் கொடுக்கும் கடைக்காரர்.)

ஐயா, கண்ணாடி மேல்தட்டு வைத்த எங்கள் கேஸ் அடுப்பு போன வாரம் வெடித்துவிட்டது. சமைத்து அணைத்து 10 நிமிடம் இருக்கும், அடுப்படியில் யாரும் இல்லை. 'டமார்' என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மேடை முழுக்கக் கல் உப்பைக் கொட்டின மாதிரி கிடக்கிறது. மாமியார் திருஷ்டி என்கிறார், வீட்டுக்காரர் சிலிண்டர் கோளாறு என்கிறார். வாரத்தில் 3 நாள் களி கிண்டுகிற வீடு எங்களுடையது. என்னதான் நடந்திருக்கும்?
— காவேரிப்பட்டணம் வாசகி

சிலிண்டர் வெடித்திருந்தால் நீங்கள் கடுதாசி எழுதும் நிலையில் இருந்திருக்க மாட்டீர்களம்மா. திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்துக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிடவில்லை. கண்ணாடிக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

அது டஃபன் கிளாஸ். சாதாரணக் கண்ணாடியைத்தான் சூளையில் 620, 650 டிகிரி வரை காய்ச்சி, வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சி அடித்துச் சட்டென்று குளிர வைக்கிறார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பின்னால் மெதுவாக ஆறிச் சுருங்கும்போது மேல்தோலையும் சேர்த்து உள்ளே இழுக்கும். ஆக, மேலே அமுக்கம், உள்ளே இழுவை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் சாதாரணக் கண்ணாடியைவிட 4, 5 மடங்கு பலம். ஒரு கீறல் அந்த மேல்தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டால், இத்தனை நாள் அடக்கி வைத்த இழுவை மொத்தமும் ஒரே நொடியில் அவிழ்ந்துவிடும். ஒரு மூலையில் பட்டாலும் தட்டு முழுக்கத் தூளாவது அதனால்தான்.

பழைய கார் கதவுக் கண்ணாடி ஒன்றை வைத்துக் கடைப் பையன்களுக்கு இதைக் காட்டுவேன். படுக்கப் போட்டு நடுவில் சுத்தியால் தட்டினால் சுத்திதான் துள்ளும். அதையே நிமிர்த்தி, ஓரத்தில் ஆணியை வைத்து லேசாக ஒரு தட்டு. கோணிப்பையைப் போர்த்திவிட்டுத்தான் தட்டுவேன். உள்ளே 'சர்ர்' என்று உதிரும். கட்டியாக ஒட்டிக் கிடக்கிற துண்டுகள் அப்புறமும் கொஞ்ச நேரம் 'பட், பட்' என்று தாமாகப் பிளந்துகொண்டே இருக்கும், கடுகு தாளிக்கிற மாதிரி.

இனி உங்கள் களிக்கு வருகிறேன். களிப்பானை அகலமானது. பர்னரை மூடி உட்கார்ந்தால் தீ மேலே போக வழியில்லாமல் பக்கவாட்டில் படர்ந்து கண்ணாடியைக் காய்ச்சும். போதாததற்குக் கவைக்கோலால் பானையை அமுக்கிப் பிடித்துத் துடுப்பால் கிண்டுகிறோம். அந்த அழுத்தம் ஸ்டாண்டு வழியாகக் கண்ணாடியில்தான் இறங்குகிறது. பர்னருக்காகப் போட்ட ஓட்டையின் விளிம்பும் ஓரம்தான், மறந்துவிடாதீர்கள். அங்கே என்றைக்கோ இடுக்கி பட்டு ஒரு சில்லு போயிருந்தால், அடிபட்ட அன்றைக்கே உடைய வேண்டுமென்பதில்லை. காய்ந்து, ஆறி, காய்ந்து, ஆறி, ஒருநாள் ஆறும்போது போகும்.

அணைத்த கையோடு ஈரத்துணி போட்டுத் துடைத்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. என் வீட்டில் போனது அப்படித்தான். சுடச்சுட இருந்த தட்டில் துணியைப் பிழியாமல் போட்டவன் சாட்சாத் நானே. "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற ஆளுக்கு..." என்று வீட்டில் ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை.

புது அடுப்பு வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 4246 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். களிக்கு மட்டும் எவர்சில்வர் அடுப்பையே வைத்துக்கொள்ளுங்கள், அழகு பார்க்க வேண்டாம். மறுபடி எப்போதாவது உடைந்தால் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள், செருப்புப் போடாமல் கிட்டே போகாதீர்கள். துண்டு மழுங்கலாக இருக்கும் என்பது நிஜம். கத்தி மாதிரி கிழிக்காதே தவிர, வெறுங்காலில் ஏறும். திறந்திருந்த குழம்பு, சோறு எதுவானாலும் கொட்டிவிடுங்கள்.

பாத்ரூமுக்கு வாங்கிய டஃபன் கதவு அரை அங்குலம் பெரிதாகிவிட்டது. கொஞ்சம் தேய்த்துத் தருவீர்களா?
— பாலக்கோடு வாசகர்

மாட்டேன். யாரும் தர முடியாது. வெட்டுவது, ஓட்டை போடுவது, ஓரம் தேய்ப்பது எல்லாம் சூளைக்குப் போகுமுன் முடிந்துவிட வேண்டும். ஒரு பில்டர் டைல்ஸ் ஒட்டும் முன்பே அளவு கொடுத்துவிட்டார். டைல்ஸும் கலவையும் சேர்ந்து இடத்தைத் தின்றுவிட்டன. கதவு நுழையவில்லை. "வெட்டினால் போகும்" என்று நான் சொல்லச் சொல்ல, அவர் ஆளே கிரைண்டரைப் போட்டார். 8 எம்.எம். கதவு, 30 கிலோ இருக்கும். பிறகு அதை முறத்தில்தான் அள்ளினோம். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகே அளவு எடுங்கள். மேலே, நடுவே, கீழே என்று 3 இடத்தில் எடுங்கள். நம் ஊரில் எந்தச் சுவர் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது!

டஃபன் என்று சொல்லிச் சாதாரணக் கண்ணாடியைத் தலையில் கட்டிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?
— அரூர் வாசகர்

மூலையில் அழியாத சிறு முத்திரை இருக்கும், ஐ.எஸ். 2553 என்ற எண்ணைத் தேடுங்கள். இன்னொரு வழி எனக்குப் பிடித்தது: போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, காலை வெயிலில் சாய்வாகப் பாருங்கள். காற்று அடித்த தடம் வரிவரியாக, புள்ளிபுள்ளியாகத் தெரியும். தட்டிப் பார்த்துச் சத்தத்தில் சொல்லிவிடுவேன் என்கிறவரை நம்பாதீர்கள், நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

ஓசூரில் வீடு கட்டுகிறோம். மாடிப்படிக்கும் பால்கனிக்கும் கண்ணாடிக் கைப்பிடிச் சுவர் வைக்கப் போகிறோம். டஃபன் போதுமா?
— ஓசூர் வாசகி

பாத்ரூம் தடுப்புக்கும் டைனிங் டேபிளுக்கும் போதும். பால்கனிக்குப் போதாது. உடைந்தால் மொத்தமாக உதிர்ந்துவிடும், சாய்ந்து நிற்கிற குழந்தைக்கு முன்னால் ஒன்றுமே இருக்காது. அங்கே இரண்டு டஃபன் தட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடி கேளுங்கள். உடைந்தாலும் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். தொப்பூர் கணவாயில் விபத்து நடந்த இடத்தைப் பார்த்தால் தெரியும். கதவுக் கண்ணாடி ரோட்டில் உதிர்ந்து கிடக்கும், முன் கண்ணாடி மட்டும் வலை பின்னியபடி காரிலேயே நிற்கும். முன்னே இருப்பது லேமினேட்.

நம் பக்கம் படிக்கட்டெல்லாம் கிரானைட். கண்ணாடி நேராகக் கல்லில் உட்காரக் கூடாது, நடுவில் ரப்பர் வேண்டும். மேஸ்திரி "தேவையில்லைங்க" என்பார். நின்று வைக்கச் சொல்லுங்கள்.

செல்போனுக்கு ஒட்டுகிற டெம்பர் கிளாஸும் இதுவும் ஒன்றா?
— தர்மபுரி கல்லூரி மாணவர்

பலப்படுத்துகிற எண்ணம் ஒன்று, வழி வேறு தம்பி. அவ்வளவு மெல்லிய கண்ணாடியில் மேல்தோலும் உள்பக்கமும் வேறு வேறு சூட்டில் நிற்காது, காற்றடித்துப் பயனில்லை. நல்ல ரகமாக இருந்தால் உருக்கிய பொட்டாசியம் உப்பில் முக்கி எடுப்பார்கள். கண்ணாடியிலுள்ள சோடியம் வெளியேறி, அந்த இடத்தில் அதைவிடப் பருமனான பொட்டாசியம் நெருக்கியடித்து உட்காரும். விடிகாலை பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் உட்கார்ந்தால் இருக்குமே, அந்த நெருக்கம்.