கருப்பு ஈக்குக் கொசுவத்தி எதற்கு?

தம்பி, மன்னார்குடியிலிருந்து கனடாவின் சட்பரிக்கு வந்தபின் இது முதல் மே மாதம் என்கிறீர்கள். பட்டப்பகலில் ஏரிக்கரைக்குப் போய்வந்தால் காதுக்குப் பின்னால் ரத்தத்துளி, கடித்ததே தெரியவில்லை, மறுநாள் கழுத்து வீக்கம்; கொசுவத்தி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். தேட வேண்டாம். இது கொசுவே இல்லை, ப்ளாக் ஃப்ளை என்கிற கருப்பு ஈ. ஊசி குத்துவதில்லை, தோலை வெட்டி, ஊறும் ரத்தத்தை நக்கும். அதன் எச்சில் தோலை மரத்துப்போக வைக்கும், ரத்தத்தை உறைய விடாது. வலியில்லாமல் ரத்தம் வழிவது அதனால்தான்.

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்குக் கொசு என்றால் தேங்கிய தண்ணீர், பொழுது சாய்ந்த நேரம். இந்த ஈக்கு இரண்டுமே தலைகீழ். வேகமாக ஓடும் ஓடையில், கல்லில் ஒட்டிக்கொண்டு இதன் புழு வளரும்; வாளித் தண்ணீரைக் கவிழ்த்து ஒன்றும் ஆகாது. பகலில்தான் கடிக்கும். வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்துவிட்டால், கடிப்பதை விட்டு வெளியேற வழிதேடிக் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்கும். உங்கள் பக்கம் மே நடுவில் தொடங்கும். ஊரில் மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள், அதாவது ஜூன் கடைசி வாக்கில், அடங்கிவிடும்.

பூசும் மருந்தைவிட உடுப்புதான் முக்கியம். ஈ உட்கார்ந்த இடத்தில் கடிக்காமல் ஊர்ந்துபோய் ஓரம் தேடும்: முடியோரம், காதுமடல், காலர், இடுப்பு, சாக்ஸ் விளிம்பு. துணியைத் துளைக்க அதனால் முடியாது, ஆகவே திறப்புகளை அடைத்தால் போதும். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான், சட்டை பேன்ட்டுக்குள், பேன்ட் சாக்ஸுக்குள். கருநீலமும் கருப்பும் அதை இழுக்கும். வெளிர் நிறம் போடுங்கள். நிறத்துக்கு நம்ம வெள்ளை வேட்டி சரிதான், கீழே திறந்திருப்பதுதான் வில்லங்கம். முகாம் சாமான் விற்கும் கடையில் தலைக்குப் போடும் வலை கிடைக்கும். விளிம்புள்ள தொப்பிமேல் போட்டு, அடிப்பக்கத்தைக் காலருக்குள் செருகுங்கள். வலை தோலில் பட்டால் பயனில்லை. காற்றடித்தால் இந்த ஈயால் பறக்க முடியாது, எனவே உட்காரத் திறந்த வெளியாகப் பாருங்கள். நொச்சி மூட்டம் போடும் யோசனை வந்தால், அன்றைக்கு வெளியில் தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பூசுவதற்குப் பூச்சிவிரட்டி மருந்து: 20% இகாரிடின், இல்லாவிட்டால் பெரியவர்களுக்கு 30% வரை டீட். டீட் பிளாஸ்டிக்கை உருக்கும்; கண்ணாடி ஃப்ரேம், கடிகார வார் ஜாக்கிரதை. 2 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு டீட் 10%க்கு மேல் கூடாது, நாளைக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எதுவும் பூசாதீர்கள், வலை மட்டும். சன்ஸ்கிரீன் முதலில், அது ஊறியபின் இது. பலரும் காதுக்குப் பின்புறத்தையும் பிடரியையும் மறந்துவிடுவார்கள். கடி விழுவது அங்கேதான்.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். 1% ஹைட்ரோகார்டிசோன் க்ரீமும், அரிப்புக்குச் செடிரிசின் 10 மி.கி. மாத்திரையும் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும். மாத்திரை நாளைக்கு ஒன்று. நிறையக் கடி பட்டால் தலைவலி, குமட்டல், லேசான ஜுரம், கழுத்தில் நெறிகட்டுவது வரும். பெரும்பாலும் தானே தணியும். சொறிந்து புண்ணாக்குவதுதான் ஆபத்து. சிவப்பு பரவி, சூடேறி, சீழ் வைத்தால் 811ஐக் கூப்பிட்டு நர்ஸிடம் கேளுங்கள். மூச்சுத் திணறல், உதடு வீக்கம் என்றால் அவசர உதவிக்கு 911.

யானைக்காலைப் பார்த்த பூமி நம்முடையது, நோய் பரவுமோ என்ற பயம் வரும். ஆப்பிரிக்காவில் இதே குடும்பத்து ஈக்கள் பார்வையைப் பறிக்கும் புழுநோயைப் பரப்புகின்றன. கனடாவில் இவை மனிதர்களுக்கு நோய் கொண்டுவருவதில்லை.

ஜூலையில் வேறு கூட்டம் வரும்: டியர் ஃப்ளை, ஹார்ஸ் ஃப்ளை. ஊரில் மாட்டைப் பிடுங்கும் பெரிய ஈயின் இனம். இவற்றின் கடி உடனே சுரீரென்று வலிக்கும். அசையும் உருவத்தைக் கண்ணால் பார்த்துத் துரத்துவதால், பூசும் மருந்துக்கு அவ்வளவாக மசியாது. டியர் ஃப்ளை தலையைச் சுற்றிச் சுற்றி வரும்; தொப்பியின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ள இருபுறமும் பசையுள்ள பட்டை விற்கிறார்கள், அதில் வந்து அப்பிக்கொள்ளும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் வாங்கி வையுங்கள்.